அக்காவுக்கு வைத்தது

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய, சுவரையா பார்த்துக்கொண்டிருக்க? கேஸ்கட்டைப் பார்த்தாலாவது சம்பளம் தருவார்கள்.

பக்கத்து மேஜைக்காரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நேற்று எதற்கு லீவு என்றாள். பல் பிடுங்கப் போனேன் என்றேன். எந்தப் பல், காட்டு என்றாள். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அக்கறையில்தான் கேட்டாள். மத்தியானம் அவள் டப்பாவிலிருந்து பாதி ஆரஞ்சை என் பக்கம் தள்ளினாள். பல் பிடுங்கினவள் ஆரஞ்சு தின்னக் கூடாது என்பதுகூட நினைவில்லாமல் தின்றேன்.

என் வேலை விரல் வேலை. குக்கர் மூடிக்குப் போடுகிற சிலிக்கான் வளையம் மெஷினிலிருந்து வரும். எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பைக் கட்டை விரலால் ஒரு அழுத்து, அப்புறம் சுற்றி ஒரு தடவு. நல்லது வலப்பக்கக் கூடை. வெடிப்போ குமிழோ தட்டுப்பட்டால் இடப்பக்கம். பதினாறு வருஷமாக இதுதான். மயிரிழை வெடிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பெருமை வேறு. அப்படிப்பட்ட விரலுக்கு என் சொந்த மார்பில் இருந்த கட்டி தட்டுப்படவில்லை. ஸ்கேன் எடுத்த பெண்தான் சொன்னாள்.

இடது பக்கம். இரண்டு இடத்தில். முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எடுத்த இடத்தில் வேண்டுமானால் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு வேறொரு டாக்டர் இருக்கிறார் என்றார். ஆக, ஒருவர் எடுக்கிறவர், ஒருவர் வைக்கிறவர். எடுப்பதில் எனக்குப் பேச்சில்லை. வைப்பதா, வைத்தால் எதை என்பதில் மட்டும் எனக்கு முழு உரிமை உண்டாம். பெரிய உரிமை.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் கேட்டேன், வைக்கவா வேண்டாமா என்று.

"உன் இஷ்டம்மா. எனக்கு நீ இருந்தாப் போதும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பத்து நிமிஷம் கழித்து எரிச்சலும் வந்தது. என்ன காய் வாங்க என்றாலும் உன் இஷ்டம், சுவருக்கு என்ன கலர் அடிக்க என்றாலும் உன் இஷ்டம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷர், அங்கே போய் வீட்டுக்காரர்களிடம் "எந்த ஒயரை மாத்தணும், உங்க இஷ்டம்" என்றா கேட்கிறார்? ஒரே ஒரு தடவை, இதைச் செய் என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

சொல்கிறவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்தாள். வீட்டுக்குள் குரல் முதலில் வரும், ஆள் பிறகு வருவாள்.

"ஏண்டி, மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்க? எனக்கு வரலியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வியாதி அவளுக்கு வந்தது. அவளுக்கு வலது பக்கம். எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொத்து என்று வந்தது இது ஒன்றுதான்.

என் பெண்ணை டீ போட அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். பட்டனைக் கழற்றிக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை. தையல் கோடு மங்கிவிட்டது. மற்றபடி ஜோடிதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"நாப்பத்தெட்டு வயசு எனக்கு. இந்தப் பக்கத்துக்கு மட்டும் வயசே ஆகல, பாத்தியா," என்று சிரித்தாள்.

நான் வெச்சதையே வெச்சுக்கோ என்கிறாள். "சொரசொரப்பானதுன்னு கேளு. வழவழன்னு இருக்கறது உள்ள நகருமாம். இது சதையோட ஒட்டிக்கிட்டு வெச்ச எடத்துலயே நிக்கும். அன்னிக்கு எங்க டாக்டர் இதான் உசத்தின்னு சொல்லி வெச்சாரு. ஒரு நாள் ஒரு பொழுது தொந்தரவு இல்ல."

எனக்கு அப்படியே ஒரு பாரம் இறங்கியது. ஏனென்றால் இதே அக்கா ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். தலை வலித்தால் மூளைக்குப் போய்விட்டது என்பாள். இருமினால் நுரையீரல். கட்டி ஏதாவது வந்திருக்கிறதா என்று நாள் முழுக்க அக்குளைத் தடவிக்கொண்டே இருப்பாள், பேசும்போதும் கை அங்கேதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பயம் விட்டது. இப்போது நீச்சல் குளத்துக்குப் போகிறாள். படுத்தால் உடனே குறட்டை. அந்தக் குறட்டையை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மார்ச் 11, புதன்

குளிக்கும்போது இடது பக்கத்தைப் பார்க்காமல் குளிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இவரும் நானும் வைக்கிறவரைப் பார்த்துவிட்டு வந்தோம். பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். பேச்சு நிதானம். மேஜை மேல் ஒரு தட்டு, தட்டில் மூன்று பை. தொட்டுப் பாருங்க என்றார்.

ஒன்றில் உப்புத் தண்ணீர். மேலுறை சிலிக்கான், உள்ளே வெறும் தண்ணீர். ஓட்டை விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் சப்பையாகிவிடும், பார்த்தாலே தெரியும். தண்ணீரை உடம்பு இழுத்துக்கொள்ளும், கெடுதல் இல்லை. ஆனால் ஒல்லியான உடம்பில் மேலே சுருக்கம் தெரியலாம்.

இன்னொன்று ஜெல். மேலே வழவழப்பு. அழுத்தினால் நிஜம் போலவே இருக்கிறது. இது கிழிந்தால் வெளியே தெரியாது, வருஷக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிழிந்தால் தெரிகிற பை, கிழிந்தாலும் தெரியாத பை. எது நல்லது டாக்டர் என்று கேட்டேன்.

"ரெண்டும் நல்லதுதான். உங்களுக்கு எது முக்கியம்ங்கறதப் பொறுத்தது."

இங்கேயும் உன் இஷ்டம்தான்.

எதை வைத்தாலும் ஆயுசுக்கும் நிற்காதாம். ஒரு நாள் மாற்ற வேண்டி வரலாம். பையைச் சுற்றி உடம்பு தானாக ஒரு உறை கட்டிக்கொள்ளும், சிலருக்கு அது இறுகிப்போய் வலிக்கும். இதெல்லாம் வேண்டாம் என்றால் வயிற்றுச் சதையை எடுத்து மார்பு மாதிரி அமைக்கலாம், "ஆனா உங்க வயித்துல அந்த அளவுக்குச் சதை இல்ல." என் வயிற்றில் சதை போதவில்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் வருத்தப்பட்டார். இவர்கூடச் சிரித்துவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் மானக்கேடு. அவர் பேசிக்கொண்டிருக்கிறார், நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன், என் கை அதுபாட்டுக்கு ஜெல் பையை எடுத்திருக்கிறது. இரண்டாக மடித்து, மடிப்பில் கட்டை விரலைக் கொடுத்து ஒரு அழுத்து. பை பொதக்கென்று பிளந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவர் கைக்குட்டையை எடுத்து மேஜையைத் துடைக்கப் போனார், அங்கே துடைக்க ஒன்றும் சிந்தவில்லை.

"இத்தனை வருஷத்துல இத யாரும் மடிச்சதில்ல," என்றார் டாக்டர்.

"மன்னிச்சிருங்க டாக்டர், நான் கேஸ்கட் செக் பண்றவ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளந்த பையை என் பக்கம் திருப்பி, "பழைய சாம்பிள், பலர் கை பட்டது. ஆனா பாருங்க, உள்ள இருக்கறது ஓடல, கெட்டியா அப்படியே நிக்குது. இதோட நல்ல குணமே இதுதான்," என்றார். என் அசட்டுத்தனத்தையும் பாடமாக்கிவிட்டார்.

மூன்றாவது பையைத் தொடக் கை வரவில்லை. மேல்புறம் நைசான உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"இதான் சொரசொரப்பானதா? எங்க அக்காவுக்கு இதுதான். எனக்கும் இதையே வெச்சிருங்க," என்றேன். அப்பாடா, ஒரு வழியாக ஒரு முடிவைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இத இப்ப நாங்க வைக்கறதில்ல. வித்தியாசம் காட்டத்தான் வெச்சிருக்கேன்."

சொரசொரப்பான பை வைத்த சிலருக்கு, பல வருஷம் கழித்து, பையைச் சுற்றி இருக்கிற உறையில் வேறொரு வகைப் புற்றுநோய் வருகிறதாம். மார்பகப் புற்று இல்லை, இது வேறு. ரொம்ப அபூர்வம், பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு. சீக்கிரம் கண்டுபிடித்து பையையும் உறையையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இருந்தாலும் அதில் சில வகைகளைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

"அப்ப எங்க அக்கா எடுத்துரணுமா?"

"தொந்தரவு இல்லேன்னா எடுக்க வேண்டாம்னுதான் சொல்றோம். எடுக்கறதும் ஒரு ஆபரேஷன்தானே. ஆனா விஷயம் தெரிஞ்சிருக்கணும். வீக்கமோ வலியோ புதுசா கட்டியோ வந்தா உடனே காட்டணும். அவங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? யாரைக் காப்பாற்ற?

மார்ச் 14, சனி

வேலை ஓடவில்லை. இடப்பக்கக் கூடைக்குப் போக வேண்டியது வலப்பக்கம் போய், பக்கத்து மேஜைக்காரி எடுத்து மாற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை.

போன வருஷம் ஒரு லாட் வளையம் முழுக்கச் சந்தேகம் வந்தது. ரப்பர் கலவையில் என்னவோ கோளாறு. ஆயிரத்தில் ஒன்று வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். மேனேஜர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கடைகளுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்தது. வாங்கிப்போனவர்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான் அந்த அறையில் இருந்தேன்.

குக்கர் மூடியிலிருந்து வளையத்தைக் கழற்றுகிற மாதிரி அக்காவிடம் கழற்ற முடியுமா? சொன்னால் அவள் என்ன செய்வாள்? எடுக்கவும் வேண்டாம் என்கிறார்கள். சும்மா தெரிந்துவைத்துக்கொள் என்றால், அவள் தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா?

இவரிடம் சொன்னேன். "சொல்லாத," என்றார். "அவங்க நிம்மதியா இருக்காங்க. சொல்லி என்ன ஆகப் போகுது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக உன் இஷ்டம் என்று சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறார். அதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

போனில் படித்துப் படித்துக் கண் எரிகிறது. ஒருத்தி, வைத்த பிறகுதான் திரும்பவும் மனுஷியானேன் என்கிறாள். ஒருத்தி, எடுத்த பிறகுதான் மூச்சே வந்தது என்கிறாள். ஒருத்தி எதையுமே வைத்துக்கொள்ளாமல் படம் போட்டுச் சிரிக்கிறாள். மூன்று பேரையும் நம்பினேன். தண்ணீர்தான் பத்திரம் என்று காலையில் நினைத்தேன், மத்தியானம் ஜெல், சாயங்காலம் எதுவும் வேண்டாம். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எதையும் மடித்துப் பார்க்காமல் வலப்பக்கக் கூடையில் போட்டதில்லை நான். இதை எப்படி மடித்துப் பார்ப்பது? மடித்துப் பார்த்தேன், பிளந்துவிட்டது.

முடிவு: வழவழப்பான ஜெல். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. யோசிப்பதை நிறுத்த வேண்டும், அதனால்.

மார்ச் 20, வெள்ளி

அக்கா போன் செய்தாள். குளத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிற்காமல் போய் வந்தாளாம். சின்னப் பெண்கள் எல்லாம் கை தட்டினார்களாம். அவள் பேசப் பேச நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்து முழுங்கிவிட்டேன்.

கடைசியில் ஒரு குண்டைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை நான் டாக்டரிடம் போகும்போது அவளும் வருகிறாளாம். "சொரசொரப்பானது வேணும்னு நான் பேசுறேன் அந்தம்மாகிட்ட. உனக்குப் பேசத் தெரியாது. எதச் சொன்னாலும் தலையாட்டிட்டு வருவ."

அதுவும் உண்மைதான்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இப்படியா சொல்வது. நாக்கை அறுத்துப் போட்டால் என்ன.

காலையிலேயே வந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இவர் திண்டாடக் கூடாது என்று சமையலறை அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள். என் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினாள். எனக்கு ஏற்கெனவே நரம்பு முறுக்கிக்கொண்டிருந்தது. நான் ஜெல் என்று முடிவு பண்ணிட்டேன், வழவழப்பானது, நீ செவ்வாய்க்கிழமை வர வேணாம் என்றேன்.

"ஏன், என்னுது மட்டமா? கண்ணால பாத்தேல்ல?"

"மட்டம்னு சொல்லலக்கா."

"அப்புறம்? எட்டு வருஷம் வெச்சுக்கிட்டு இருக்கிறவ சொல்றேன், நேத்து வந்த டாக்டர் சொல்றது பெருசாப் போச்சா? பிடிவாதம், பிடிவாதம். சின்ன வயசுலேர்ந்து இதே பிடிவாதம்."

"அத இப்ப யாருமே வைக்கறதில்லக்கா. அதுல கேன்சர் வருதுன்னு எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டாங்க."

இப்படித்தான் சொன்னேன். இதே வார்த்தை. பல ஆயிரத்தில் ஒருத்தருக்கு என்று சொல்லவில்லை. சீக்கிரம் பார்த்தால் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அதையெல்லாம் அப்புறம் அடித்துப் பிடித்துச் சொன்னேன், ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கையில் இருந்த டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பவும் திறந்து மூடினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்த டாக்டரப் பாத்த அன்னிக்கே."

"அத்தன நாளு சும்மா இருந்திருக்க. அப்ப இன்னிக்கி மட்டும் என்ன வந்துச்சு?"

அவள் கை கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, என் பெண்ணிடம் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை.

அலமாரி பாதி அடுக்கினபடி கிடக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உப்பைத் தேடி எடுக்கவே அரை மணி ஆயிற்று, உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 23, திங்கள்

அக்கா போன் எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வைக்கிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அக்காவுக்குத் தெரியாமல் இருந்தது, நான்தான் சொன்னேன், சொன்ன விதம் சரியில்லை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். "யார் சொன்னாலும் இது நல்லபடியா சொல்ற விஷயம் இல்ல," என்றார். "கூட்டிட்டு வாங்க, ஒரு ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம்." அவள் என் போனையே எடுக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வேன்.

வழவழப்பான ஜெல் என்று சொன்னேன். அளவு எடுத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஆபரேஷன் நடக்கும்போதே அக்குளில் இருக்கிற நெறிக்கட்டியை எடுத்துச் சோதிப்பார்கள், அதில் பரவியிருந்தால் கதிர் வைத்தியம் தேவைப்படும், அப்படியென்றால் அன்றைக்கு எதையும் வைக்காமல் தள்ளிப்போடலாம். அது எடுக்கிறவர் கையில். சரி என்றேன். எதற்குத்தான் சரி சொல்லவில்லை நான்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். கோபம் இல்லை அவர் குரலில், அதுதான் தாங்கவில்லை. "கண்ணாடி முன்னாடியே நிக்கிறாம்மா. நீச்சலுக்குப் போகல. ரெண்டு கையையும் தூக்கித் தூக்கி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா பாருங்கன்னு என்னக் கேக்குறா. எனக்கு என்ன தெரியும்? இருக்குன்னு சொன்னா, நீங்க சரியாப் பாக்கலங்கிறா."

ஸ்கேன் பற்றிச் சொன்னேன். சொல்லிப் பாக்கறேன் என்றார். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள் போல, யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

நாளைக்கு ஆபரேஷன். பை கட்டி வைத்தாயிற்று. முன்பக்கம் திறக்கிற சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், கையைத் தூக்க முடியாதாம்.

என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு வந்துச்சு, உனக்கு வந்துச்சு. எனக்கும் வருமாம்மா?"

சாப்பிட்டியா என்று கேட்டேன். வேறென்ன கேட்க? அவள் எழுந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வராது என்று சொல்லவும் வாய் வரவில்லை, வரும் என்று எந்தத் தாய் சொல்வாள். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். இவர் வந்து பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வெளியே போனார்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: நாளைக்கு ஏழு மணிக்கு. படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. நல்லவேளை எடுத்தது இடது பக்கம்.

வைக்கவில்லை.

நெறிக்கட்டியில் பரவியிருந்ததாம். நான் மயக்கத்தில் கிடக்க, அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். எடுக்கிறவர் எடுத்தார், வைக்கிறவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கதிர் வைத்தியம் முடிந்து, உடம்பு தேறி, அப்புறம் பார்க்கலாமாம். அதற்கு முன்னாடி கீமோ மருந்து வேறு ஏற்ற வேண்டும். தண்ணீரா ஜெல்லா, வழவழப்பா சொரசொரப்பா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேனே, அத்தனையும் யாருக்காக? அக்காவோடு சண்டை போட்டது எதற்காக?

கண் விழித்ததும் வலது கையால் தொட்டுப் பார்த்தேன். கட்டு, கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் யாரோ, "தொடாதடி, குழாய் இருக்கு," என்றார்கள்.

அக்காதான். காலை ஆறரைக்கே வந்துவிட்டாளாம். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், இவர் சொன்னார். குழாயில் இறங்குகிற தண்ணீரை அளந்து கொட்டுவது, சட்டை மாற்றுவது, தலை வாருவது எல்லாம் அவள்தான். வேலை விஷயத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசுவதில்லை. கை தூக்கு. திரும்பு. வலிக்குதா.

மன்னிச்சிருக்கா என்றேன். "திரும்பிப் படு," என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. அக்கா இங்கேயே இருக்கிறாள். என் கட்டிலில் ஒரு ஓரமாகப் படுக்கிறாள். குறட்டை இல்லை. நான் அசைந்தால் உடனே என்ன என்கிறாள். தூங்குவதே இல்லை போலிருக்கிறது. கை அக்குளில் இருக்கிறது, பழையபடி.

கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்யும்போது இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். நேர்க்கோடு. அதன் இரண்டு பக்கமும் வெறும் சமவெளி. ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது, பெண் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்ததால் கத்தவில்லை. அக்கா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவளுடைய வலது பக்கம் என் கன்னத்தில் பட்டது. அவள் சட்டென்று விலகிக்கொண்டாள்.

நான் பயந்து விலகுவேன் என்று நினைத்தாளோ? இல்லை, அவளுக்கே அது பயமாகிவிட்டதா?

ஏப்ரல் 19, ஞாயிறு

ஸ்கேனுக்கு ஒத்துக்கொண்டாள். "உனக்காகத்தான். நீ நச்சரிக்கிறது நிக்கணும்," என்றாள். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 22, புதன்

அக்கா ஸ்கேனுக்கு உள்ளே போயிருந்தபோது பக்கத்து மேஜைக்காரி போன் செய்தாள். எப்ப வர்ற, உன் எடத்துல ஒரு சின்னப் பொண்ண உக்கார வெச்சிருக்காங்க, மடிக்கவே தெரியல என்றாள். பல் சரியாப் போச்சா என்றும் கேட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டாள். சிரித்தேன், தையல் இழுத்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

அக்காவுடைய ஸ்கேன் முடிவு இன்று. இந்தத் தடவை நான்தான் துணை. முதல் தடவை மருந்து ஏற்றிய களைப்பில் கால் தள்ளாடியது, இருந்தாலும் போனேன்.

வைக்கிறவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். பை கிழியவில்லை. சுற்றிலும் தண்ணீர் கோக்கவில்லை. கட்டி எதுவும் இல்லை. எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, இப்படியே இருக்கலாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள், நடுவில் வீக்கம் ஏதாவது தெரிந்தால் உடனே வாருங்கள் என்றார். என்ன சொல்வார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அன்றைக்கே சொன்னதுதானே.

"எடுத்துரணும்னு எனக்குத் தோணினா?" என்று அக்கா கேட்டாள்.

"எடுக்கலாம். அது உங்க விருப்பம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில். அவள் தன் துப்பட்டாவை எடுத்து என் தலையில் போர்த்திவிட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கள்லக்கா."

"ம். நீ சொல்றதுக்கு முன்னாடியும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி. பஸ் வந்தது. என் வலது கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவள் கை அக்குளுக்குப் போய்விட்டது. நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.